பிறர் காணியில் கடை கட்டிய எழுத்தாளர்கள்

வியாபாரப் பக்கத்தில் எழுத்தாளர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான் இங்கு குறிப்பிடப் போகின்றவர்கள் கவிதையும் கதையும் எழுதிப் பரிசு பெற்றவர்கள் அல்லர். அவர்கள் சில்லறை வியாபாரிகள். அவர்களது சரக்கு கட்டுரை. கடை, இணையத்தில் இருந்த சில பெரிய எழுத்துத் தளங்கள். வாசகர்கள்தான் வாடிக்கையாளர்கள். வாடகைக்குப் பதிலாக விளம்பர வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைக் கட்டட உரிமையாளர் எடுத்துக் கொண்டார்.

2005ஆம் ஆண்டளவில் ஓஹோவென்று ஆரம்பித்த இந்த வியாபாரம் 2011இல் சரியத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு முடிவதற்குள் இத்தளங்களில் பெரியவை பல இழுத்து மூடப்பட்டுவிட்டன. அங்கு எழுதி வந்தவர்களில் சிலர் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் இழந்தார்கள். வேறு சிலர் இன்றும் எழுத்தால் சம்பாதிக்கின்றார்கள். இரு சாராருக்கும் இடையிலான வித்தியாசம் எழுத்துத் திறமையில் இல்லை என்பதே என்னுடைய கணிப்பு. அது முழுக்க முழுக்க வியாபார சமாச்சாரம். ஆகவேதான் இதனை இந்தப் பக்கத்தில் எழுதுகின்றேன்.

எழுத்துக்கு ஒரு கடைத்தொகுதி

அமெரிக்காவின் டென்வர் நகரில் 2005இல் அசோசியேட்டட் கொன்டென்ட் என்ற தளம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்குவிடூ வந்தது. சந்தைப்படுத்தல் நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற சேத் கோடின் என்பவர்தான் அதன் ஸ்தாபகர்களில் முக்கியமானவர். அடுத்த ஆண்டு ஹப்பேஜஸ், ஹீலியம் ஆகியவை வந்து சேர்ந்தன. கனடாவின் வன்கூவரைச் சேர்ந்த ஸ்வீட்101 இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, 1996இலேயே ஆரம்பமானது.

எவரும் வந்து எழுதலாம் என்பதே இவற்றின் கவர்ச்சி. பத்திரிகை ஆசிரியரின் தயவு தேவையில்லை. வீட்டிலிருந்த தாய்மார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் எழுதினார்கள். சட்டையில் பட்ட எண்ணெய்க் கறையை எப்படிப் போக்குவது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது, குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்ற வகையான விடயங்கள்தாம் அதிகம். இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் என்ன, சனம் தேடியது அதைத்தான்.

கொடுப்பனவு முறை தளத்துக்குத் தளம் வேறுபட்டது. அசோசியேட்டட் கொன்டென்ட் சில கட்டுரைகளுக்கு முன்கூட்டியே சில டொலர்கள் கொடுத்தது. அதன் பின் ஆயிரம் தடவை வாசிக்கப்பட்டால் ஏறத்தாழ ஒன்றரை டொலர். ஸ்குவிடூ தனது வருமானத்தில் 50 வீதத்தை எழுதியவர்களுக்கும் 5 வீதத்தைத் தர்மத்துக்கும் ஒதுக்கி மிகுதியைத் தான் வைத்துக் கொண்டது. ஹப்பேஜஸில் விளம்பரம் காட்டப்படும் தடவைகளில் 60 வீதம் எழுத்தாளரின் கணக்குக்கும் 40 வீதம் தளத்தின் கணக்குக்கும் போயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பார்வைக்கு ஒன்றரை டொலர் என்றால், ஒருவர் நூறு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் மாதம் ஆயிரம் பேர் வாசித்தால் 150 டொலர் வருகிறது. பெரிய தொகை அல்ல. ஆனால் ஒருமுறை எழுதிப் போட்ட கட்டுரை, எழுதியவர் தூங்கும்போதும் சம்பாதித்துக் கொடுக்கும். கடைக்கு ஆள் வைக்கத் தேவையில்லை, சரக்கு பழுதாவதுமில்லை. நூறு கட்டுரையை ஐந்நூறாக்கினால் வீட்டுக் கடன் தவணையையே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். கட்டியவர்களும் இருந்தார்கள்.

நமது நாட்டவர்களுக்கு இந்தச் சந்தையில் பெரிய வாய்ப்புக் கிடைக்கவில்லை. முன்பணம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். மற்றக் கொடுப்பனவுகள் பெரும்பாலும் பேபால் மூலமாகவே நடந்தன. பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாமே தவிர, இலங்கைக்குப் பணம் பெற முடியாத நிலையே அக்காலம் முழுவதும் இருந்தது. நான் இத்தளங்களை வாசகனாகவே தொடர்ந்து பார்த்து வந்தேன். பணத்தை விட என்னைக் கவர்ந்தது அங்கிருந்த கூட்டுறவுதான். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் பிழை திருத்துவார். புதியவருக்குப் பழையவர் தொழில் பழக்குவார். எந்தத் தலைப்புக்கு வாசகர் வருவார், எந்த மாதத்தில் எதைத் தேடுவார்கள் என்ற தொழில் இரகசியங்களைக்கூட ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். நமது பஸாரில் பக்கத்துக் கடைக்காரருக்கு இப்படிச் சொல்லிக் கொடுப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் வந்த ஒரே பாதை

இத்தனை வாசகர்களும் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்வியை அந்நாட்களில் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலானோர் கூகுள் தேடுபொறியிலிருந்து வந்தார்கள். "எண்ணெய்க் கறை" என்று ஒருவர் தேடினால், கூகுள் இந்தத் தளங்களில் ஒன்றை மேலே காட்டும். அவர் வந்து வாசித்துவிட்டுப் போவார். அவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது. எழுதியவருக்கும் அவரைத் தெரியாது. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்கு ஒரு சோடா குடித்துவிட்டுப் போகும் வழிப்போக்கனைப் போன்றவர்தான் அவர். வழிப்போக்கர் ஆயிரம் பேர் வந்தாலும் கடைக்கு வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையில் சரக்கின் தரமும் கெட ஆரம்பித்தது. எழுதினால் காசு என்றானதும், பார்த்து எழுதியவர், கேட்டு எழுதியவர், ஒன்றும் தெரியாமலே எழுதியவர் என்று எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். இதே பாணியில் கட்டுரைகளைத் தொழிற்சாலை போல உற்பத்தி செய்த டிமாண்ட் மீடியா என்ற கம்பனி 2011 ஜனவரியில் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாளிலேயே அதன் சந்தைப் பெறுமதி சுமார் 1.5 பில்லியன் டொலரைத் தொட்டது. நூற்றாண்டு கடந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக் கம்பனியின் பெறுமதியை விட அது அதிகம். சந்தை இப்படித் தலைகால் தெரியாமல் ஆடும்போது நான் எப்போதும் கொஞ்சம் பயப்படுவதுண்டு.

ஒரு மாதம் கூடச் சரியாகக் கழியவில்லை. 2011 பெப்ரவரி 24ஆம் திகதி கூகுள் தனது தேடல் முறையை மாற்றியதாக அறிவித்தது. பாண்டா என்று பின்னர் பெயர்பெற்ற மாற்றம் இதுதான். தரம் குறைந்த தளங்களைக் கீழே தள்ளுவதே நோக்கம் என்றார்கள். அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் ஏறத்தாழ 12 வீதத்தின் முடிவுகள் இதனால் மாறின. ஏப்ரலில் உலகெங்கும் ஆங்கிலத் தேடல்களுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. அசோசியேட்டட் கொன்டென்ட், ஸ்வீட்101, ஹப்பேஜஸ் போன்றவற்றின் வாசகர் வரத்து சடுதியாக வீழ்ந்தது. பெரிய பாதையோரம் கடை போட்டிருந்தவர்கள் ஒருநாள் காலையில் எழுந்து பார்க்க, வாகனங்கள் எல்லாம் புதிய நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த கதைதான்.

இதில் அநியாயம் ஒன்று இருக்கிறது. கூகுள் தனித்தனிக் கட்டுரையாகப் பார்த்து நிறுக்கவில்லை. தளத்தை மொத்தமாக நிறுத்தது. ஒரு கடைத்தொகுதியில் பத்துக் கடைகள் போலிப் பொருள் விற்றால், பதினொராவது கடைக்காரர் எவ்வளவு நேர்மையாக விற்றாலும் சனம் அந்தக் கட்டடத்துக்கே வராது. இருபது வருடம் தோட்டக்கலை செய்து, அந்த அனுபவத்தை வைத்து எழுதியவருக்கும் அரைமணி நேரத்தில் ஒப்பேற்றியவருக்கும் ஒரே தண்டனை. அயல்கடைக்காரனின் தராசு சரியில்லாததற்கு நம்முடைய கடையும் விலை கொடுக்க வேண்டி வரும் என்பதை எந்த வாடகை ஒப்பந்தத்திலும் எழுதி வைப்பதில்லை.

ஹப்பேஜஸ் இதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தது. 2011 நடுப்பகுதியில் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தனித்தனி உப முகவரி கொடுத்தது. கடைத்தொகுதியின் பொது வாசலை அடைத்துவிட்டு, ஒவ்வொரு கடைக்கும் வீதிப் பக்கமாகத் தனி வாசலும் தனிப் பெயர்ப் பலகையும் வைத்தது போல. நல்ல எழுத்தாளர்கள் சிலருக்கு வாசகர் வரத்து ஓரளவு திரும்பியது. அந்தத் தளம் மற்றவற்றை விட நீண்டகாலம் தாக்குப் பிடித்ததற்கு இந்த முடிவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கின்றேன்.

அடி ஒரு பக்கத்தால் மட்டும் வரவில்லை. பல எழுத்தாளர்கள் தமது கட்டுரைகளில் அமேசன் பொருட்களுக்கு வழிகாட்டி, விற்பனையில் கொமிஷன் பெற்று வந்தார்கள். அமெரிக்க மாநிலங்கள் சில, இப்படியான முகவர்கள் தமது மாநிலத்தில் இருந்தால் அமேசன் அங்கு விற்பனை வரி அறவிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. அமேசன் வரி கட்டுவதை விட முகவர்களை வெட்டிவிடுவது இலாபம் என்று கண்டது. 2009இல் வட கரோலைனாவிலும் ரோட் ஐலண்டிலும், 2010இல் கொலராடோவிலும், 2011இல் சில மாதங்களுக்குக் கலிபோர்னியாவிலும் முகவர்களின் கணக்குகள் ஒரே அறிவித்தலில் முடிக்கப்பட்டன. அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான சண்டையில் மூன்றாவது ஆளின் சோற்றுப் பானை உடைந்தது.

கதவடைப்பு

அசோசியேட்டட் கொன்டென்டை யாஹூ 2010 மே மாதத்தில் வாங்கியது. விலை சுமார் 100 மில்லியன் டொலர் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. பெரிய கை வாங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று எழுத்தாளர்கள் மகிழ்ந்தார்கள். தளத்துக்குப் பின்னர் யாஹூ வொய்சஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. 2012 ஜூலையில் அங்கிருந்து நாலரை இலட்சத்துக்கும் அதிகமான பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் திருடப்பட்டு வெளியிடப்பட்டன. 2014 ஜூலை 2ஆம் திகதி, தளம் மூடப்படும் என்று யாஹூ அறிவித்தது. எப்போது? அதே மாதம் 31ஆம் திகதி. ஒன்பது வருடம் கட்டிய கடையைக் காலி செய்ய இருபத்தொன்பது நாட்கள். நம் ஊரில் வாடகைக் கடைக்காரரை எழுப்புவதென்றால் அதற்கு வழக்கு, சட்டத்தரணி, கீ மணி என்று எத்தனை படிகள் இருக்கின்றன!

அடுத்த மாதம் ஸ்குவிடூ தன்னை ஹப்பேஜஸுக்குக் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. விரும்பாதவர்கள் குறுகிய அவகாசத்துக்குள் தமது ஆக்கங்களை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் ஹீலியமும் மூடப்பட்டது. ஹப்பேஜஸ் 2018இல் மேவன் என்ற கம்பனியின் கைக்குப் போனது.

அந்த வாரங்களில் எழுத்தாளர்கள் எழுதிய பிரியாவிடைக் குறிப்புகளை நான் ஆவலோடு தேடி வாசித்தேன். அழுதவர்கள், ஏசியவர்கள், நன்றி சொன்னவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. சிலர் பிரியாவிடையோடு "இனி என்னை இங்கு சந்திக்கலாம்" என்று புதிய முகவரி ஒன்றையும் எழுதியிருந்தார்கள். சிலருக்கு அப்படி எழுத ஒன்றும் இருக்கவில்லை.

யார் எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில் சரக்கு. தான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையின் பிரதியையும் தன்னுடைய கணனியில் வைத்திருந்தவருக்கு 29 நாட்கள் போதுமாக இருந்தன. நேரடியாகத் தளத்திலேயே எழுதிப் பழகியவர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிரதி எடுக்க வேண்டி வந்தது. உரிமை தமக்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்களும் இதில் அகப்பட்டார்கள். உறுதி கையில் இருந்தாலும் களஞ்சியத்தின் திறப்பு மற்றவரிடம் இருந்தால் என்ன பயன்?

பிறகு கடை. பலர் சொந்த இணைய முகவரி வாங்கினார்கள். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர்தான் முகவரிக்கு, இடவாடகை வேறு. ஆனால் பழைய கட்டுரையை உடனே அங்கு போட முடியாது. அதே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் எது அசல் என்று குழம்பி, புதிய இடத்தை நகலாக நினைத்து ஒதுக்கிவிடும். ஆகவே பழைய தளத்திலிருந்து அகற்றி, தேடுபொறியின் நினைவிலிருந்து அது மறையும்வரை காத்திருந்து, பிறகு போட வேண்டும். அனுபவசாலிகள் இந்தக் காத்திருப்புக் காலத்தில் பழைய கட்டுரைகளைத் திருத்தினார்கள். பத்துச் சிறிய கட்டுரைகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டுரையாக்கினார்கள். அப்படிச் சேர்த்ததைச் சிலர் மின்னூலாக்கினார்கள். அமேசனின் கிண்டில் முறையில் 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் விலை வைத்தால் 70 வீதம் எழுத்தாளருக்கு என்ற ஏற்பாடு 2010இலேயே வந்துவிட்டிருந்தது. ஆயிரம் வழிப்போக்கர் வாசித்துப் போனால் ஒன்றரை டொலர். ஒரே ஒருவர் 2.99 டொலர் கொடுத்து நூலை வாங்கினால் இரண்டு டொலருக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்தபின் பழைய தளத்துக்காக அழுவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் சிலர் கம்பனிகளுக்கு எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் போனார்கள். தளத்தில் இருந்த நூறு கட்டுரைகளே அவர்களுக்கு நற்சான்றிதழ். தொழிலை விட்டவர்களும் நிறையப் பேர். அவர்களை நான் தோற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். வருமானத்தையும் செலவிடும் மணித்தியாலங்களையும் வகுத்துப் பார்த்து, கட்டாது என்று கண்டு கடையை மூடுவதும் வியாபார அறிவுதான். நட்டக் கடையை மானத்துக்காக இழுத்துக்கொண்டு போகும் நம்மவர் சிலருக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

சரக்கைத் தூக்கிக்கொண்டு போகலாம். புதுக் கடையும் திறக்கலாம். ஆனால் வாசகரை எப்படிக் கொண்டு போவது? இதுதான் எல்லோரையும் திக்குமுக்காட வைத்த இடம். பத்து இலட்சம் தடவை வாசிக்கப்பட்ட எழுத்தாளரிடம்கூட ஒரு வாசகரின் முகவரியும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் தளத்தின் கணக்கில் தெரிந்த ஓர் எண்ணிக்கை. தளம் போனது, எண்ணிக்கையும் போனது. இதற்கு மாறாக, ஆரம்பத்திலிருந்தே விருப்பமான வாசகரிடம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு கடிதம் அனுப்பி வந்த சிலரும் இருந்தார்கள். சக எழுத்தாளர்கள் அதை வீண்வேலை என்று சிரித்ததுண்டு. ஆயிரமோ ஐந்நூறோ, அந்தப் பட்டியல் இருந்தவர் புதிய கடை திறந்த அன்றே அறிவித்தல் அனுப்பினார். முதல் நாளே ஆட்கள் வந்தார்கள்.

2017இல் தொடங்கப்பட்ட சப்ஸ்டக் என்ற நிறுவனம் இந்தப் பாடத்தின் மேல்தான் கட்டப்பட்டது. எழுத்தாளரின் கடிதம் நேரே வாசகரின் மின்னஞ்சலுக்குப் போகும். சந்தாப் பணத்தில் 10 வீதத்தைத் தளம் எடுக்கும். வாசகர் முகவரிப் பட்டியலை எழுத்தாளர் எந்நேரமும் இறக்கி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். ஸ்குவிடூ காலத்துப் பாதிப் பங்கோடு ஒப்பிட்டால் 10 வீதம் மலிவு. அதைவிட, பட்டியலைக் கொண்டுபோக விடுவதுதான் பெரிய சலுகை.

எனினும் எல்லோரும் பாடம் படித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தொடர்கதை எழுதுவோருக்காக அமேசன் 2021 ஜூலையில் கிண்டில் வெல்லா என்ற தளத்தைத் திறந்தபோது எழுத்தாளர்கள் மீண்டும் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். 2025 பெப்ரவரியில் அதுவும் மூடப்பட்டது.

காசில்லாத கூட்டமும் கலைந்தது

வருமானத்துக்காக அல்லாமல், சேர்ந்து எழுதுவதற்காகவே கூடிய ஒரு பெரிய அமைப்பும் அண்மையில் மூடப்பட்டது. 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் ஒரு மாதத்தில் ஒரு நாவல் எழுதுவோம் என்று தொடங்கினார்கள். நனோரைமோ என்று அதற்குப் பெயர். நவம்பர் மாதத்தில் 50,000 சொற்கள் எழுத வேண்டும் என்பதே போட்டி. பரிசுப் பணம் கிடையாது. ஆனாலும் உச்ச காலத்தில் இலட்சக்கணக்கானோர் ஒவ்வொரு நவம்பரிலும் சேர்ந்தார்கள். 2023இன் இறுதியில், சிறுவர் பாதுகாப்பில் அமைப்பு கவனக்குறைவாக இருந்தது என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2024 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவதை முற்றாகக் கண்டிக்க முடியாது என்ற பாணியில் அது வெளியிட்ட அறிக்கை எழுத்தாளர்களைக் கொதிக்க வைத்தது. ஆதரவாளர்கள் விலகினார்கள். ஏற்கனவே பணமுடை. 2025 மார்ச் 31ஆம் திகதி மூடுவிழா அறிவிக்கப்பட்டது.

இங்கும் ஒரு வித்தியாசத்தைக் காணலாம். இந்த அமைப்புக்கு ஊருக்கு ஊர் தொண்டர்கள் இருந்தார்கள். நவம்பர் மாதத்தில் நூலகத்திலோ தேநீர்க் கடையிலோ ஒன்றாக உட்கார்ந்து எழுதுவது அவர்களது வழக்கம். தலைமை அமைப்பு போனாலும் அந்த ஊர்க் கூட்டங்கள் பல வேறு பெயரில் தொடர்கின்றன. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியிருந்தார்கள், தொலைபேசி எண் இருந்தது. இணையத்தில் மட்டும் பழகியவர்கள்தான் திசைக்கொருவராகச் சிதறினார்கள்.

சொந்தக் காணியும் போதாது

சொந்தத் தளத்துக்கு மாறியவர்கள் தப்பினார்கள் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்களிலும் பெரும்பகுதியினர் வாசகருக்காகக் கூகுளையே நம்பியிருந்தார்கள். காணி மாறியது, பாதை மாறவில்லை. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தது. 2024 மே மாதம் முதல் கூகுள் அமெரிக்காவில், தேடுபவரின் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய பதிலைத் தன்னுடைய பக்கத்தின் உச்சியிலேயே காட்டத் தொடங்கியது. பின்னர் மற்ற நாடுகளுக்கும் அது விரிந்தது. எண்ணெய்க் கறையைப் போக்கும் வழி அங்கேயே கிடைத்துவிட்டால் எவர் கடைக்குள் நுழைவார்? சந்தியிலேயே ஒருவர் நின்று, நம்முடைய சரக்கின் மாதிரியைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கும் நிலை இது. இந்த அடியைப் பெயர் சொல்லித் தேடி வரும் வாசகரை வைத்திருப்பவர்கள் மட்டுமே ஓரளவு தாங்குகிறார்கள்.

நமது பஸாருக்கு வருவோம்

புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாதி கேட்டதும் கையைத் தூக்கி நிறுத்தினார். "நானா, இது எழுத்தாளர்ட கதயில்ல, என்ட கதை. பேஜ்ல முப்பதாயிரம் பேர் ஈக்கிறாங்க. நேத்துப் போட்ட சாரி முந்நூறு பேருக்கும் போகல்ல. காசு கட்டினாத்தான் போகுது" என்றார்.

அவர் சொல்வதில் மிகை இல்லை. 2018 ஜனவரியில் பேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தவர்களின் பதிவுகளுக்கே முதலிடம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று பகிரங்கமாகவே அறிவித்தது. எழுத்தாளர்களுக்கு 2011 பெப்ரவரியில் நடந்தது நமது வியாபாரிகளுக்கு 2018 ஜனவரியில் நடந்தது. அதே ஆண்டு மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் நமது கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அவ்வாறே. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் ஒருநாள் பூட்டப்பட்டது. பேஸ்புக் பக்கத்தை மட்டுமே கடையாக வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் கடையே இருக்கவில்லை. 2019இல் நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு இறக்கி வைத்திருந்தவர்களின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

பேஸ்புக்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சனம் கூடும் இடத்தில் கடை போடத்தான் வேண்டும். அந்த எழுத்தாளர்களில் கெட்டிக்காரர்களும் பெரிய தளங்களில் எழுதுவதை நிறுத்தவில்லை. அங்கு வந்தவர்களில் பத்தில் ஒருவரின் பெயரையாவது தமது கொப்பியில் எழுதிக் கொண்டார்கள், அவ்வளவுதான். நமது முன்னோர் இதைத்தான் செய்தார்கள். வெளியூர்க் கடைக்காரர்களின் பெயர், ஊர், வாங்கும் சரக்கு, பிள்ளைகளின் கலியாணம் வரையில் பேரேட்டில் இருந்தது. கடை எரிந்தபோதும் அந்தப் பேரேடு மிஞ்சியதால் மீண்டும் எழும்பியவர்களை நான் அறிவேன்.

இலக்கங்களைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரிடம் எதற்கு என்று சொல்லி, சம்மதத்தோடு வாங்குங்கள். வாங்கியதைப் பத்திரமாக வையுங்கள். மற்றவருக்கு விற்காதீர்கள். யாஹூவில் திருட்டுப் போன நாலரை இலட்சம் பெயர்களும் யாரோ நம்பிக் கொடுத்தவைதான்.

நண்பர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, அந்த முப்பதாயிரம் பேரின் இலக்கங்களைப் பேஸ்புக்கிலிருந்து எடுக்க முடியுமா என்பது. முடியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது பில் போடும் இடத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். விரும்புபவர் பெயரும் வட்ஸ்அப் இலக்கமும் எழுதிவிட்டுப் போகலாம். புதுச் சரக்கு வந்தால் மட்டும் செய்தி வரும். ஆறு வாரத்தில் நானூற்றுச் சொச்சம் பெயர்கள் சேர்ந்திருப்பதாகப் போன வெள்ளிக்கிழமை சொன்னார். கூட்டம் கூடும் நேரத்தில் காசாளர் பொடியன் கொப்பியை நீட்ட மறந்துவிடுகிறானாம். அதுதான் இப்போது அவருடைய பெரிய கவலை.